நாற்பத்தொன்று

நான்காம் இரவு.
கொட்டியாரக் குடாவின் வாயில்
தரை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப்போகும் இடம்.
எங்கள் ஆட்கள் ஈயக்குண்டு விட்டுப் பார்த்து
கயிறு தீர்ந்ததும் சுருட்டிக்கொண்டு வந்த இடம்.
அறுநூறு பாகம் என்கிறது திரை.

வடத்தின் நுனியில் ஒரு மஞ்சள் மீனை
உழவுச் சால்போல் இழுத்துப் போகிறோம்.
அது இரை எடுக்காது. கத்தும்.
கத்திவிட்டுத் தன் குரல் திரும்பி வரக் காத்திருக்கும்.

தேடுவது ஒரு கடல்விமானம்.
எண்பத்து மூன்று வருசம் முந்திச்
சீனன்குடாவில் தண்ணீரைக் கீறி எழும்பியது.
ஒன்பது பேர்.
வயது, சப்பாத்து அளவு, பல் வைத்தியரின் குறிப்பு,
ஒருவன் தங்கைக்குப் பாதி எழுதி
கட்டிலில் விட்டுப்போன கடிதம்,
எல்லாம் கோப்பில் இருக்கின்றன.
ஹென்றிக் அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறான்.

என் வேலை, நிழல் விழுந்தால் எண் போடுவது.
ஏழு, பாறை. பதினெட்டு, நங்கூரம்.
இருபத்தாறு, கொள்கலன், கதவு திறந்தபடி.
முப்பத்தைந்து என்னவென்று எவருக்கும் தெரியவில்லை.
"பேய்த்திருக்கை படுத்திருக்கு," என்று
தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார் ரஹீம்தீன்.

மூன்று பத்துக்கு நாற்பத்தொன்று.
பதினெட்டரை அடி. ஒடுக்கம்.
இறக்கை இல்லை.
பின்னுக்கு ஒரு கட்டி.
பதினைந்து குதிரைவலு எஞ்சின்
அவ்வளவு நிழல்தான் போடும்.

ஹென்றிக் எட்டிப் பார்த்தான்.
"படகு. இலக்கல்ல."
அவனில் பிழையில்லை.
எழுதினேன்: படகு. இலக்கல்ல.

ஒலி நிறம் சொல்லாது.
நீலமா?
அணியத்தில் மாதா படம் ஒட்டியிருந்ததா?
கடலுக்குப் போகப் பாஸ் தந்த காலம்.
ஆறு மணிக்குள் கரை தட்ட வேண்டும்.
யூட் அண்ணாவும் கிளறன்ஸும் தட்டவில்லை.
அவர்களுக்கும் கோப்பு உண்டு,
பொலிஸ் எழுதித் தந்த ஒரு துண்டு,
மடிப்பில் கிழிந்தது.
இரண்டு பெயரில் ஒன்று பிழை.

திருக்கடலூரில் வராத படகு அது ஒன்றுதானா?
யாருடையதாகவும் இருக்கலாம்.
குறிப்புக்கான கட்டத்தில்
"ஆள் எத்தனை" என்று தட்டி
அழித்தேன்.

இத்தனை வடத்தோடு கப்பல் திரும்ப
இரண்டு மணி நேரம்.
அடுத்த சால் இருநூறு மீற்றர் தள்ளி.
கணக்குப் பார்த்தேன், ஓரம் படும்.

விடிந்தது. கோணமலை தெரிந்தது.
மஞ்சள் மீன் கத்தியது.
திரையின் விளிம்பில், இம்முறை மறுபக்கமாய்
நிழலைச் சாய்த்துக்கொண்டு,
வந்தது.

"புது எண் போடு," என்றான் ஹென்றிக்.
வேண்டாம் என்றேன்.
அதேதான்.