கால் போன பெயர்

கச்சேரியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டாள் அந்தப் பெண்:
"மதுமையா? அப்படி ஒரு பேர் இருக்கா?"
இல்லை.
கோணேசர் கோயில் அம்பாள்தான் மாதுமை.
மாது, உமை என்று பிரித்துச் சொல்வார்கள்.
எனக்கு ஒரு கால் குறைவு.
அதற்கென்ன,
கால் போன ஆட்கள் நிறைய இந்த மாவட்டத்தில்.

அவள் சிரிக்கவில்லை.
சத்தியக்கடதாசி வேணும். சாட்சி வேணும்.
பேர் எங்கிருந்து வந்ததென்று எழுத வேணும்.

கோயிலிலிருந்து அல்ல.
தரைப்பாதை மூடிக்கிடந்த ஒரு மாசியில்
மூதூரிலிருந்து அம்மாவை ஏற்றிவந்த
ஆதம்பாவா காக்காவின் தோணியிலிருந்து.
திருக்கடலூரில் பழசாக வாங்கியது அது.
அம்பாள் பேரை ஏன் அழிக்கவில்லை என்றவர்களிடம்
"பெயின்ட் என்ன விலை தெரியுமா" என்பாராம்.
கொட்டியாரக் குடாவின் நடுவே
இயந்திரம் நின்றுபோன இடத்தில் பிறந்தேன்.
ஜெட்டியில் காத்து நின்ற அப்பா
அணியத்தில் கண்டது
உப்புத் தின்று மிஞ்சிய எழுத்து.
கண்டபடியே பதிந்துவிட்டார்.
பிழையாக வாசித்தாரா,
படகுக்கு விசுவாசமாக இருந்தாரா,
கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை.

பள்ளிக்கூடத்தில் 'மது' என்று சுருக்கி
தவறணைக்கு வழி கேட்டார்கள்.
தேன் என்றும் பொருள் என்றார் தமிழ் ரீச்சர், யாரும் கேட்கவில்லை.
காவலரணில் ஒரு சிப்பாய்
மதுமாலி என்று வாசித்துவிட்டு
என்னைப் போகச் சொன்னான்.
நான் திருத்தவில்லை.

சாட்சி தேடி பஸ்ஸில் போனேன்,
இப்போது கடலுக்கு மேலால் பாலம்.
காக்கா மௌத்தாகி ஆறு வருடம்.
மருமகள் றிபாயா பின்வளவுக்குக் கூட்டிப்போனாள்.
ஆட்டுக்கொட்டிலின் கதவாகியிருந்தது அந்தப் பலகை.
உரசி உரசி ஆடுகள் மிச்சம் வைத்தது
'மை' மட்டும்.

கண்ணுக்கு, பேனாவுக்கு, மழை மேகத்துக்கு.
பழந்தமிழில் ஆட்டுக்கும் அதே சொல் என்று
எங்கேயோ படித்த ஞாபகம்.
ஒரு கிடாய்க்குட்டி அதில் முதுகு சொறிந்துகொண்டு நின்றது.
"பலகையக் கழட்டித் தரட்டா?"
வேண்டாம் என்றேன். ஆடுகள் ஓடிவிடும்.

திரும்பும் பஸ்ஸில் படிவத்தை மடியில் விரித்து
'சரியான பெயர்' என்ற கட்டத்தில்
ம எழுதினேன்.
கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வண்டி தூக்கிப்போட்டது.
கால்
கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.