சுரண்டிய இடம்

பிப்ரவரிக் குளிரில் குழாய் வெடித்தது.
ஸ்வீடனில், சோடர்தெலியே நகரத்தில்,
சிரியாக் கோயிலின் நிலவறையில்
கணுக்கால் அளவு தண்ணீர்.
பிளாஸ்டிக் நாற்காலிகள், விழாத் தோரணங்கள்,
மூடியில்லாத காபிப் பானை, எல்லாம் மிதந்தன.
ஒரு தகரப் பெட்டி மட்டும் மூழ்கியிருந்தது.

தூக்கியவள் ஷ்முனி.
லாரித் தொழிற்சாலையில் பல்சக்கரம் சோதிப்பவள்,
முடியில் பத்திலொரு பங்குக் கீறலையும்
பிடித்துவிடும் கண்.
பெட்டிக்குள் பாடல் ஏடுகள்.
தூர் அப்தீன் மலையிலிருந்து
மெத்தைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்து
எல்லை தாண்டி வந்த தோல்.

ஏட்டுக்கு ஏடு ஒற்றுத்தாள் செருகி
மின்விசிறி முன்னால் மூன்று இரவு இருந்தாள்.
மூன்றாவது இரவு, ஒரு வரியில்,
மை கலையாத ஓர் எழுத்தின் தலைக்கு மேல்
தோல் மட்டும் மெலிந்திருந்தது.
உருப்பெருக்கியை வைத்தாள்.
யாரோ கத்தி முனையால்
ஒரு புள்ளியை எடுத்திருக்கிறார்கள்.

'ஆவி எங்களைச் சிறகால் மூடியது' என்கிற வரி.
யாருடைய சிறகு?
புள்ளி இல்லையென்றால் அவனுடையது.
இருந்தால், அவளுடையது.
பாடும்போது 'ஏ'க்கும் 'ஓ'வுக்கும் உள்ள தூரம்.

அந்த மொழியில் ஆவி பெண்பால்.
முதல் நூற்றாண்டுகளில்
அந்த மொழியிலேயே கடவுளை யோசித்தவர்கள்
கூச்சமில்லாமல் அவளைத் தாய் என்றார்கள்,
நீரின் மேல் அடைகாப்பவள் என்றார்கள்.
பிறகு வந்தவர்களுக்குப் பயம்.
பக்கத்து ஊரில் இன்னும் ஒரு தேவதைக்கு
விளக்கெரிந்துகொண்டிருந்ததோ என்னவோ.
பெயரை மாற்ற முடியவில்லை,
வினைச்சொல்லை வளைத்தார்கள்.
இலக்கணத்துக்கு வலித்தது.
பக்தி பொறுத்துக்கொண்டது.

ஷ்முனிக்குக் கோபம் வரவில்லை.
வேலைக்காரியாய் யோசித்தாள்:
இன்னும் அழுத்தியிருந்தால் தோல் கிழிந்திருக்கும்.
இன்னும் மெதுவாக என்றால் மை போயிருக்காது.
இந்தக் கை
சொன்னதைச் செய்திருக்கிறது,
செய்தது தெரியும்படியும் விட்டிருக்கிறது.

ஞாயிறு. பதினாறு பெண்கள், ஒரே சுருதி.
அந்த வரி வந்தபோது
அவள் வாய் 'ஓ' என்று குவிந்தது.
அடுத்து நின்ற நஸ்லோ ஓர் அசை தவறினாள்.
பீடத்தில் முதுகு காட்டி நின்ற கஷீஷோ யல்தோவின் கையில்
தூபக்கலசச் சலங்கை ஓர் ஆட்டம் தாமதித்தது.
சலங்கை அப்படித்தான், என்கிறாள் நஸ்லோ.

திங்கள். தேநீர் இடைவேளை.
என்ன முணுமுணுக்கிறாய், என்றாள்
பின்லாந்துக்காரி ராய்லி.
அவனா அவளா என்று ஒரு வழக்கு,
ஆயிரத்து அறுநூறு வருடமாய், என்றாள் ஷ்முனி.
ராய்லி ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி சொன்னாள்:
எங்களில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
பிறகு யோசித்து,
அதனால் நாங்கள் சண்டையே போடவில்லை
என்று நினைத்துவிடாதே.

இதை எழுதும் என் மொழியிலோ
ஆவி அஃறிணை.
இட்லிப் பானையிலிருந்தும் வரும்.
சங்கடப்பட்டு 'ஆர்' சேர்த்து
எழுந்து நிற்கவைத்தோம்.
எங்களுக்குப் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்.
அவர்களுக்கோ புள்ளி வைத்தால்
அவள் வருகிறாள்.

எந்தப் பள்ளியில், எந்த எண்ணெய் விளக்கடியில்
யார் முதலில் அந்த வார்த்தையைத் தேர்ந்தாரோ,
யார் அதை மறுத்தாரோ,
இருவர் எலும்பும் மண்.
ஆனால் ஒரு பெண்
பனியில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது
மனசுக்குள் யாரைக் கூப்பிடுவது என்பதை
இன்னும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.
முழுவதும் அல்ல.

நனைந்த பாட்டுத் தாள்களுக்குப் பதிலாகப்
புதிதாக அச்சடித்துத் தரச் சொன்னார் கஷீஷோ.
ஏட்டில் அவள் கை வைக்கவில்லை,
சுரண்டிய இடம் சுரண்டியபடியே இருக்கிறது.
புதிய தாள்களில் மட்டும்
பதினாறு பிரதிகளிலும்
அந்த எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சின்னக் கறை.
அச்சு இயந்திரத்தின் மை சிந்தியது
என்று நினைக்கிறார் அவர்.

நினைக்கட்டும்.