விதிவிளக்கு

ஜெபலீலாவின் பாகம் ஒன்றே முக்கால் சென்ட்.
பதினாலு சென்ட் புரையிடத்தை
எட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்ததில்
தெற்குக் கடைசியில் விழுந்த நாடா.
அகலம் நாலு மீட்டர் பத்து,
நீளம் பதினேழு முப்பது.
கிணறு பொது. வழி பொது.
வழியில் நிற்கும் பிலாமரம் யாருக்கென்று
பிரமாணத்தில் இல்லை.

பிளான் வரைகிறவன் நான்.
தக்கலையில் செருப்புக்கடைக்கு மேலே மாடியறை.
விதி சொல்வதைக் கோடாக்குவது தொழில்.
பக்கத்துக்கு ஒரு மீட்டர் விடவேண்டும்.
விட்டேன்.
மிச்சம் இரண்டு பத்து.
இருபுறமும் ஒன்பது இஞ்சுச் சுவர்.
உள்ளே ஒன்று அறுபத்துநாலு.

தாளை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அண்டி ஆபீசில் தோடு உடைத்துக் கறுத்த விரல்
என் கோட்டின்மேல் நடந்தது.
"சாரே, கட்டிலு ஆறடி உண்டு.
குறுக்கே போட்டா
தலை சொவருக்கு வெளிய கெடக்குமே."
நீளவாக்கில் போடலாம் என்றேன்.
"போடலாம். பெறகு நடக்கதுக்கு?"
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
ஒருக்களித்துப் போகலாம்.
இதை நான் சொல்லவில்லை.

விதியோடு எனக்குப் பகையில்லை.
சுவரோடு சுவர் ஒட்டிய சந்தில்
ஒரு ராத்திரி புகை எழுந்து
ஆள் நுழைய இடமில்லாமல்
குடத்துத் தண்ணீர் கைமாறிக் கைமாறிப் போனதை
நின்று பார்த்திருக்கிறேன்.
அந்த ஒரு மீட்டர்
யாருக்கோ மூச்சு முட்டியபிறகு எழுதியது.
எழுதியவர் மனதில் மட்டும்
பத்து சென்டாவது இருந்திருக்கும்.

ஒரு பக்கம் தளர்த்தித் தரக் கேட்கலாம்.
வடக்கே ஒட்டிக் கட்டினால்
உள்ளே இரண்டு அறுபத்துநாலு.
கட்டில் குறுக்கே கிடக்கும்,
காலடியில் எண்பத்தொன்று வழியும் கிடைக்கும்.
அதற்கு வடக்குப் பாகக்காரன் சம்மதிக்கவேண்டும்.
வடக்குப் பாகக்காரன் ஜஸ்டஸ்,
கூடப்பிறந்தவன்.
அந்தப் பிலாமரத்துச் சக்கையில் தொடங்கி
நாலு வருஷமாய்ப் பேச்சில்லை.

மனுவை எடுத்துக்கொண்டு நானே போனேன்.
விடியுமுன்னே ரப்பர் தோட்டத்தில்
பால் வெட்டிக்கொண்டிருந்தான்.
கத்தியைச் சாரத்தில் துடைத்து
நெற்றி விளக்கைத் தாழ்த்தி
எழுத்தெழுத்தாய் வாசித்தான்.
"விதிவிளக்கு கோரும் மனு.
இதென்ன விளக்கு?"
டைப்படித்த பெண்ணின் ளகரம்.
நானும் பார்க்கவில்லை.
விலக்கு, என்றேன்.
"ம்" என்றான்.
அடுத்த மரத்துக்குப் போய்
சிரட்டையைச் சரியாக்கி வைத்துவிட்டு வந்தான்.
"ஒப்பு போடுதேன்.
அவளுக்க கூரைவெள்ளம்
எனக்க பாகத்துல ஒரு சொட்டு விழப்பிடாது.
அதையும் எழுதும்."
எழுதினேன். போட்டான்.
தாளின் ஓரத்தில் ரப்பர்பால் ஒட்டியிருந்தது,
காய்ந்தபின் உரித்தேன்.

ஆபீசில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கேள்வி வந்தது.
வழியின் அகலத்துக்கு ஒரு கேள்வி,
பிலாமரத்துக்கு ஒன்று.
ளகரத்துக்கு வரவில்லை.
மேலே முத்திரை குத்தி வாங்கி வைத்தார்கள்.
கூட்டம் கூடும்போது எடுப்பார்களாம்.
கூட்டம் இன்னும் கூடவில்லை.

அதற்குள் இடவப்பாதி வந்துவிட்டது.
மழைக்குள் போன் அடித்தாள்:
"சாரே, ஒருக்கா வாரும்."
போனேன்.
நான் அடித்த முளைக்குச்சிகளுக்கு நடுவே
குடையோடு நின்றுகொண்டிருந்தாள்,
சுவர் வரவேண்டிய இடத்தில்.
வடக்கே ஜஸ்டஸின் ஓட்டுக்கூரை.
அதன் வெள்ளம் முழுக்க
அவள் பாகத்தில் விழுந்துகொண்டிருந்தது.
மண்ணில் வரிசையாய்க் குழி,
ஒவ்வொன்றும் அவித்த முட்டை கொள்ளும் ஆழம்.
இருபது வருஷத்து வீடு அவனுடையது.
இதற்கு யாரிடமும்
யாரும் ஒப்பு வாங்கியதில்லை.

இதை மனுவில் சேர்க்கலாம், என்றேன்.
நியாயம் நம் பக்கம், என்றேன்.
அவள் குழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
"சொவரு வந்தா
இந்த வெள்ளம் எங்க போவும்?"
முட்டி நிற்கும். அவன் சுவரில் ஊறும்.
"நமக்க பாத்தி எத்தற இஞ்சு?"
ஆறு.
"ஒம்பதாக்கும்.
ரெண்டு கூரைக்கும் சேத்து வரையும்."

மாடியறைக்கு வந்து
தெற்கே விட்ட அந்த ஒரு மீட்டரில்
இரண்டு கூரைத் தண்ணீரும் இறங்குகிற மாதிரி
சரிவு போட்டேன்.
தாளில் அது ஒரு நீலக் கோடுதான்.
பைசா கூடும் என்று சொன்னதற்கு
அவள் பதில் சொல்லவில்லை.