இரண்டு மணிக்கு இறங்கும் பெட்டி

காலையில் மலை இறங்கி வேலைக்குப் போகிறது,
அதனால் டிக்கெட் மேலே.
மாலையில் மலை ஏறி வீட்டுக்குப் போகிறது,
அதனால் டிக்கெட் கீழே.
மேலே எலெயுத்தேரியோ. கீழே நான்.
நடுவில் கம்பிவடம், கிரீஸ் வாசனை,
வால்பரைசோவின் மூடுபனி.
ஒரு பெட்டி ஏறினால்தான் மற்றது இறங்கும்.
பதினோரு மாதத்தில் அவன் முகத்தை
இரண்டு முறை பார்த்திருப்பேன்,
அதில் ஒருமுறை தொப்பி மறைத்தது.

நிர்வாகம் எங்களுக்குக் கொடுத்தது ஒரே போன்.
மதியம் இரண்டு மணிக்கு அது
பிஸ்கட் டப்பாவுக்குள் உட்கார்ந்து
ஆளில்லாப் பெட்டியில் தனியாக இறங்கி வரும்.
திறந்தால்
என் முக்கோணம் இல்லை, வட்டம் இல்லை, சதுரம் இல்லை.
துடைத்துவிட்ட மேசைமேல் கிடக்கும் முடியைப் போல
ஒரு மெல்லிய கோடு.

எனக்குப் பொத்தான் வேண்டும்.
மத்தி ஆலையில் ஆறு வருடம் தகரம் அழுத்திய
இந்தக் கட்டைவிரலுக்கு நுனியில் உணர்ச்சி கிடையாது.
தொட்டேனா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.
ஒன்றுமில்லாத இடத்தைத் தள்ளிவிட்டுப்
போய்ச் சேர்ந்தது என்று நம்ப
என்னால் ஆகாது.
நார்சிசா அம்மாளின் மீன்கூடைக்குக் கட்டணம் எடுக்கையில்
விரல் ஓரத்தில் உரசிக்
கணக்கு பின்னால் ஓடியது.
இரண்டு முறை பணம் பிடித்தது.
வரிசை மொத்தமும் என் கையைப் பார்த்தது.

டப்பாவில் சீட்டு வைத்தேன்:
"தயவுசெய்து மாற்றாதீர்கள்."
மறுநாள் சீட்டின் பின்பக்கம் பதில்:
"செஞோரா, எனக்குக் கண் மங்கல்.
எழுத்தைப் பெரிதாக்கினால்
மொத்தத் தொகை உங்கள் பொத்தான்களுக்கு அடியில்
போய் ஒளிகிறது."

நியாயம்தான்.
நான் மாற்றினேன். அவன் மாற்றினான்.
அரை விரல் அகல நிலத்துக்குத்
தினமும் இரண்டு முறை ஆட்சி கவிழ்ந்தது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
டப்பாவைத் திறந்தால் பொத்தான்கள்.
மூன்றும். அதனதன் இடத்தில்.
சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
சுவர்த் தொலைபேசியை எடுத்து மேலே அழைத்தேன்.
புதுக் குரல். பென்ஹமினாம், பதிலாள்.
"அவருக்குக் கண்ணில் அறுவை.
போனா? எப்படி இருந்ததோ அப்படியே விட்டேன்.
ஏன், தப்பா?"

தப்பில்லை என்றேன்.

சண்டை இல்லாத மூன்று வாரம்.
தினமும் ஏழு தட்டல் மிச்சம்,
அந்த நேரத்தில் கூரைமேல்
பெலிக்கன் ஒன்று வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தேன்.
ஆனால் விரல்
திரையின் அடியிலிருந்து மேலே இழுத்தது.
எதுவும் நகரவில்லை.
மறுபடி இழுத்தது, கதவு தெரியாத பூனை மாதிரி.

அப்புறம்தான் உறைத்தது.
அவன் வழியை மாற்றுவதற்கே
தினமும் அவன் வழியில்தான் நடந்திருக்கிறேன்.
அடியிலிருந்து ஓர் இழுப்பு, அமைப்புகள்,
கீழே கீழே ஒரு தேய்ப்பு, காட்சி, வழிசெலுத்தல்,
வழி தவறினால் ஓரத்திலிருந்து ஒரு தள்ளல்.
என் பொத்தான் முளைக்கும்வரை
என் கை அவன் கை.
அவனும் விடியலில், மங்கிய கண்ணோடு,
என் வட்டத்தை அழுத்தி அழுத்தித்தானே
என் வட்டத்தை அழிக்கும் இடத்துக்குப் போயிருப்பான்.

செப்டம்பரில் திங்கட்கிழமை டப்பா இறங்கியது.
பொத்தான் இல்லை. கோடு.
கூடவே சீட்டு:
"இப்போது கடலில் நிற்கும் கப்பலின் பெயரே தெரிகிறது.
தொகையும் தெரிகிறது.
ஆனாலும் மாற்றிவிட்டேன்."

மூன்று பயணிகள்வரை அப்படியே விட்டுவைத்தேன்.
நான்காவதாக நார்சிசா அம்மாள்,
கூடை சொட்டச் சொட்ட,
என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாற்றினேன்.