கண் ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்

போனில் எட்டியப்பன் சொன்னது ஐம்பது அடி.
டேப்பை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனால்
ஐம்பத்திரண்டரை.
"ரெண்டரை அடி இன்னா பெருசு" என்கிறான்.
அந்த இரண்டரை அடியில்தான் அணியம் இருக்கிறது,
மழையை முதலில் வாங்கும் மூக்கு.
எஞ்சினைக் கழற்றி ஒர்க்ஷாப்பில் போட்டுவிட்டான்.
தை வரைக்கும் படகு
வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.
ஐப்பசி பிறந்து நான்கு நாள்.

சரிவுக்கும் மடிப்புக்கும் சேர்த்து
அறுபதுக்கு இருபத்தொன்று.
சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்:
கித்தான், மெழுகு நூல், இரட்டைத் தையல்,
சுற்றிலும் ஒன்றரை அடிக்கு ஒரு பித்தளைக் கண்,
ஆக நூற்றெட்டு.
மொத்தம் நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு.

அட்டையைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் குறைத்து எழுதியிருப்பேன் என்பதுபோல.

"யக்கா, பாரிஸ்ல நீலத் தார்ப்பாய்
இதுல கால்வாசி வெல."
வாங்கிக்கோ என்றேன்.
"அது ஒரு மழைக்குத் தாங்காதே."
அப்போ இதை வாங்கிக்கோ.
"இது என் கையில தாங்காதே."
இப்படியே இரண்டு டீ.
இரண்டுக்கும் அவன்தான் கொடுத்தான்,
டீக்கடையில் பேரம் பேசாமல்.

நீளத்தைக் குறைக்கப் படகு ஒப்பவில்லை.
தையலைக் குறைக்க நான் ஒப்பவில்லை.
கடைசியில் கண்ணில் வந்து நின்றான்.
"நூத்தியெட்டு இன்னாத்துக்கு?
அது கோயில் சுத்தற கணக்கு.
மூணடிக்கு ஒண்ணு போடு."
ஐம்பத்து நான்கு கண் கழிந்தது.
தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு ரூபாய்.
நாற்பதாயிரத்தில் முடித்தோம்;
மீதி ஐந்நூற்றுச் சொச்சம்
என் கூலியில் போனது.

மறுநாள் மண்ணடியில் ஃபக்ருதீன் பாய்
மீட்டர் விலை சொன்னார்.
"கொஞ்சம் பாத்துப் போடுங்க பாய்" என்றது யாரோ.
நான்தான்.
எட்டியப்பன் இழுத்த அதே இழுப்பு,
அதே கழுத்துச் சாய்வு.
பாயும் ஒரு டீ சொன்னார்.

என் கடை பத்துக்குப் பன்னிரண்டு.
அறுபதடியை அதற்குள் தைக்கலாம்,
விரிக்க முடியாது.
ஊசிக்கடியில் நான் துணியைத் தள்ள
மெஷினுக்குப் பின்னால்
ரிஸ்வானாவும் அவள் தம்பியும் சுருளை இழுத்தார்கள்.
சுருளின் மறுமுனை நடைபாதையில்.
இளநீர்க்காரர் ஒன்பது நாள்
வண்டியைத் தள்ளி நிறுத்தினார், திட்டிக்கொண்டே.

பத்தாம் நாள் ராத்திரி
கல்மண்டபத்தில் கடைசி பஸ் போனபிறகு
தெருவில் விரித்தோம்.
கம்பத்துக்குக் கம்பம் வந்தது.
ஓர் ஆட்டோ வந்து நின்றது.
ஏற்றவும் இல்லை, ஹாரனும் அடிக்கவில்லை.
இறங்கி வந்து ஓரத்தைத் தடவிப் பார்த்து,
"ஆட்டோவுக்கு ஒண்ணு தெச்சா எவ்ளோ ஆவும்?"
சொன்னேன்.
"சும்மா கேட்டேன்" என்றார்.

கார்த்திகை ஏழு. வாடை கிளம்பியது.
ஷட்டர் விடிய விடிய அடித்துக்கொண்டது.
படுத்தபடி எண்ணினேன்:
இருக்கும் கண் ஐம்பத்து நான்கு,
இல்லாத கண் ஐம்பத்து நான்கு.
இருப்பவை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
இல்லாதவைதான்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

விடிந்ததும் கடை வாசலில் எட்டியப்பன்,
தலையிலிருந்து நீர் சொட்ட.
கித்தான் கிழியவில்லை.
கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே
உப்பி உப்பி அடித்து
மழையை உள்ளே விட்டிருக்கிறது.
"தையலுக்கு ஒண்ணும் ஆவல" என்றான்.
அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை அவன்.
"மிச்சக் கண்ணையும் போட்டுடு."

இப்போ கண்ணுக்கு இருபத்திரண்டு என்றேன்.
பித்தளை ஏறிப்போச்சு,
படகுக்கே வந்து குத்தணும்.
குத்துளியும் சுத்தியும்
ராத்திரியே பையில் போட்டாயிற்று.
அதை நான் சொல்லவில்லை.

ஈரக் கையால் சட்டைப்பையைத் தொட்டான்.
தொட்டு, எடுக்காமல்,
"கடைசியா எவ்ளோக்கா?" என்றான்.