முப்பத்தைந்து

கோணம் தொழிற்பேட்டையில் வலைக் கம்பெனி.
திரையில் பத்து முறுக்கு, இருபது முடிச்சு,
முப்பதில் சூடேற்றி இழுப்பு, நாற்பது சாயம்;
சோதனை ஐம்பதில்தான்.
முந்தையது மூடாமல் அடுத்தது திறக்காது.

குளச்சலுக்குப் போகவேண்டிய லாட்
இரண்டு நாளாய் முப்பதிலேயே சிவப்பாய் நிற்க
சண்டைபோட இறங்கிப் போனேன்.

றோஸ்லெட் நிமிரவில்லை.
வெள்ளை வலையை மடியில் தள்ளித் தள்ளி
நழுவிய முடிச்சொன்றைப் பெருவிரலால் பிடித்தாள்.
"கறுப்பு ஏறியாச்சுன்னா இது தெரியாது, கேட்டியளா.
கடல்லதான் தெரியும்."

மாடியேறி
முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே
யாரோ விட்டுவைத்த ஒன்பது காலி எண்களில்
முப்பத்தைந்தைத் திறந்தேன்.
எந்திரக் குறியீடு கேட்டது.
'றோ-1' என்றேன். ஏற்றுக்கொண்டது.
மாற்று எந்திரம்?
கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

வியாழன் அவளுக்கு லீவு,
தங்கச்சிக்கு நிச்சயம்.
முப்பத்தைந்தில் சிவப்பு.
இம்முறை எனக்குக் காரணம் தெரியும்.