எட்டு இருபது

கொருக்குப்பேட்டை கேட்டு
எங்கள் மூக்குக்கு நேரே இறங்கியது.
ஸ்கூட்டியில் முன்னால் நின்றபடி லீதியா, பின்னால் ரூத்து,
நடுவில் நான்,
கழுத்தில் மூன்று தண்ணி பாட்டில்.

நிலக்கரி வண்டி.
ரூத்து பெட்டிகளை எண்ணினாள்.
முப்பத்தேழில் லீதியா தும்ம,
கணக்கு போச்சு.
"திருப்பி வரச் சொல்லுப்பா!"
மீன்பாடி வண்டிக்காரர் சிரித்துத் தொலைத்தார்.
அழுகை இரண்டானது.

ஏன் லேட் என்று மிஸ் கேட்டாராம்.
"எங்கப்பா டிரெயின ஒண்ணுமே கேக்கல மிஸ்."

மறுநாளும் கேட்டு. அதே எட்டு இருபது.
சுற்றிப் பார்த்துக்கொண்டு
ஹாரன் அடித்தேன்,
சின்னதாக, ஒரே ஒரு தடவை.
என்ஜின் பதிலுக்கு ஊளையிட்டது.

லீதியா திரும்பி
என் சட்டையைத் தடவிக்கொடுத்தாள்.
"வுடுப்பா, பாவம்.
அதுவும் வேலைக்குத்தான் போவுது."